பழைய காருக்கு சிந்தெடிக் ஆயில் ஊற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் மினரல் ஆயிலிலேயே (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துச் செய்யும் வழக்கமான ஆயில்) ஓடிப் பழகிய இன்ஜின். முதன்முறையாக சிந்தெடிக் ஊற்றுகிறீர்கள். இரண்டு வாரத்தில் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு, அல்லது காலையில் டிக் டிக் சத்தம், அல்லது சிக்னலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு. பழி உடனே புது ஆயிலின் மேல் விழும். "பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஒத்துக்காது" என்று யாராவது சொல்லியும் விடுவார்கள்.

அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1970களில் வந்த முதல் சிந்தெடிக்குகளில் பல, பாலி ஆல்ஃபா ஓலிஃபின் என்ற செயற்கை அடிப்படை எண்ணெயில் செய்யப்பட்டவை. மினரல் ஆயில் ரப்பர் சீலைச் சற்று உப்ப வைக்கும். இது உப்ப வைக்காது. உப்பிப் பழகிய சீல் சுருங்கியது, கசிந்தது. பிறகு எஸ்டர் போன்றவற்றைச் சேர்த்து அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள். இன்று தரச்சான்றுள்ள எந்த டப்பாவை வாங்கினாலும் சீல் ரப்பரோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனையைத் தாண்டித்தான் அது வந்திருக்கும்.

ஆகவே, மாற்றிய பின் கோளாறு வந்தால் மூன்று இடங்களில் தேடுங்கள். ஒன்று, முன்பிருந்ததைவிட நீர்த்த கிரேடை ஊற்றியிருப்பது. இரண்டு, பல வருடக் கசடு கரைந்து இடம் பெயர்வது. மூன்று, ஆயில் மாற்றும் வேலையிலேயே நடந்த கைப்பிழை. மூன்றுமே கண்டுபிடிக்கக்கூடியவை. புது ஆயிலை வடித்துவிட்டுப் பழையதற்கே திரும்புமுன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த மூன்று

கிரேடு. டப்பாவில் 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள எண் இன்ஜின் சூடான பிறகு அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. தேய்ந்த இன்ஜினுக்கு முக்கியம் இந்த இரண்டாவது எண்தான். 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும். 40 கிரேடு 12.5 முதல் 16.3; 50 கிரேடு 16.3 முதல் 21.9. 20டபிள்யூ-50இல் ஓடிய இன்ஜினுக்கு 5டபிள்யூ-30 ஊற்றினால் சூட்டில் கெட்டித்தன்மை குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது விழுந்துவிடும். அது மினரலிலிருந்து சிந்தெடிக்குக்குப் போன மாற்றமே அல்ல, கிரேடு மாற்றம். கசிவு, புகை, சத்தம், பிரஷர் குறைவு நான்குக்கும் அது ஒன்றே போதும்.

சரியான மாற்று இது: இரண்டாவது எண் அப்படியே இருக்கட்டும், முதல் எண் மட்டும் குறையட்டும். 15டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 ஓடிய வண்டிக்கு 5டபிள்யூ-40. 20டபிள்யூ-50 ஓடிய வண்டிக்கு 10டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-50. டப்பாவின் பின்புறம் ஐரோப்பியத் தரக்குறியான ஏ3/பி4 இருந்தால் கூடுதல் நிம்மதி. அதிகச் சூட்டிலும் அழுத்தத்திலும் படலம் கிழியாமல் நிற்பதற்கான அளவு அதில் 3.5க்குக் குறையக்கூடாது. ஏ5/பி5 என்பது எரிபொருள் மிச்சத்துக்காக அந்த அளவைத் தளர்த்திய ரகம். கையேடு அதைக் கேட்காத பழைய இன்ஜினுக்கு வேண்டாம்.

அளவு. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, 5 முதல் 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி செருகிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலில் அடிபட்டு அதை நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் வால்வைத் தள்ளும் டேப்பெட்டும் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்கும் பட்டினி கிடக்கும், டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏராளமாகத் தெரிந்தாலும். கையேட்டில் 4 லிட்டர் என்று இருக்கிறது, அதனால் 4 லிட்டர் ஊற்றினோம் என்பது போதாது. பழையது முழுக்க வடியாமல் அரை லிட்டர் தங்கியிருக்கலாம். எஞ்சிய மினரல் புதியதோடு கலந்ததால் கெடுதல் எதுவும் இல்லை. இரண்டும் நன்றாகக் கலக்கும். கவலைப்பட வேண்டியது மொத்த அளவைப் பற்றித்தான்.

ஃபில்டரும் டிரெயின் பிளக்கும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டரைத் திருகியிருந்தால் இரட்டை வளையம் ஆகிவிடும். ஐடிலிங்கில் தாங்கும்; வேகம் எடுத்ததும் பிதுங்கி, சில நிமிடத்தில் ஆயில் முழுவதையும் சாலையில் கொட்டிவிடும். சந்தேகம் இருந்தால் கழற்றிப் பார்த்துவிடுங்கள். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, வளையம் இன்ஜினைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையாலேயே. டிரெயின் பிளக்குக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். 14 மி.மீ. பிளக் பல கார்களில் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கேட்கும். ஆயில் தேங்கி நிற்கும் அடித்தொட்டியான சம்ப் அலுமினியம் என்றால், அதற்கு மேல் முறுக்கினால் மரை கழன்றுவிடும்.

அறிகுறி: நிறுத்திய இடத்தில் சொட்டு

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான், அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான்.

சிந்தெடிக் ஆயில் சீலில் புதிதாக ஓட்டை போடுவதில்லை. வருடக்கணக்கில் சூட்டில் வெந்த நைட்ரைல் ரப்பர் ஏற்கனவே விறைத்திருக்கும். அதன் உதட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே விழுந்த இடைவெளியைக் கசடு அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயிலில் உள்ள சலவைப் பொருள் அந்தக் கசடைக் கரைக்கிறது, வழி திறக்கிறது. அன்றே சீலின் ஆயுள் முடிந்திருந்தது. இப்போது வெளியே தெரிகிறது.

ஆனால் சீலில் கை வைக்குமுன் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை உறிஞ்சி இன்டேக்குக்கு அனுப்பும் சின்னப் பாகம் அது. அது அடைத்தால் இன்ஜினின் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேல் ஒரு தடித்த தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்துப் பிடித்தால் நல்லது. தாள் எழும்பித் துடித்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் புதியது போடுங்கள், குழாயையும் சுத்தம் செய்யுங்கள். சில இன்ஜின்களில் வால்வே இருக்காது, ஒரு சின்னத் துளையோ பிரிப்பானோதான் இருக்கும். அடைப்பு அங்கும் வரும். இந்த ஒரு வேலையிலேயே சொட்டு நின்றுபோன வண்டிகள் நிறைய. பி.சி.வி.யைச் சரிசெய்யாமல் புது சீல் போட்டால் அதுவும் கசியும்.

அது சரியாக இருந்தால் கசியும் இடத்தைத் தேடுங்கள். இன்ஜினைக் கிரீஸ் நீக்கியால் கழுவி, உலர்த்தி, 15 நிமிடம் ஓட்டிவிட்டு, அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து இரவு முழுக்க விடுங்கள். அட்டையில் முன்சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொண்டால், காலையில் சொட்டு இன்ஜினின் முன்னாலா, நடுவிலா, கியர்பாக்ஸோடு சேரும் இடத்திலா என்று தெரிந்துவிடும். அப்புறம் மேலிருந்து கீழே வாருங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும் காற்று அதைப் பின்னோக்கி இழுக்கும். எனவே சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு.

முதலில் டேப்பெட் கவர் பேக்கிங். குறிப்பாகக் கவரின் பின் விளிம்பு. அங்கே கசியும் ஆயில் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கமாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் போய்ச் சொட்டும். பார்ப்பவர் "பின் ஆயில் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்பார். இறக்கிய பிறகு சீல் காய்ந்து கிடக்கும். பெரிய செலவும் இரண்டு நாள் வேலையும் வீண். கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு கவரின் பின் விளிம்பைப் பார்க்காமல் கியர்பாக்ஸில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

அடுத்து ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர் உட்காரும் இடம், டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் உள்ள ரப்பர் வளையம், கேம்ஷாஃப்ட் சீல், கிராங்க் முன் சீல், சம்ப் பேக்கிங். கடைசியில்தான் பின் சீல். கண்ணில் படவில்லை என்றால் புற ஊதா ஒளியில் மினுங்கும் சாயத்தை ஆயிலில் கலந்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, அதற்கான டார்ச்சை அடித்துப் பாருங்கள். கசியும் இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் உறுதிசெய்யுங்கள்: கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங் திரவம்.

கழற்றிய பேக்கிங்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் பள்ளமாகி மீளும். செத்த ரப்பரில் நகம் இறங்காது, பிளாஸ்டிக் போல வழுக்கும். வளைத்தால் பிஸ்கட் மாதிரி முறியும். அதை எவ்வளவு இறுக்கினாலும் அடைக்காது. கவர் போல்ட்டுகளுக்குப் பல இன்ஜின்களில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டரே போதும். அதிகம் இறுக்கினால் தகரக் கவர் வளைந்து கசிவு கூடும். சிலிக்கான் பசையை மூலைகளிலும் பாகங்கள் சேரும் இணைப்பிலும் மட்டும் பட்டாணி அளவு வையுங்கள். சுற்றிலும் அப்பினால் உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து, நேரே போய் ஆயில் பம்ப்பின் சல்லடையில் உட்காரும்.

எல்லாக் கசிவுக்கும் ஸ்பேனர் எடுக்க வேண்டியதில்லை. தூசி ஒட்டிய ஈரப் படலமாக, சொட்டாமல் இருந்தால் அது வியர்வை. சீலை மென்மையாக்கும் பொருள் சேர்ந்த, அதிக கிலோமீட்டர் ஓடிய இன்ஜின்களுக்கென்று விற்கும் ஆயிலை அடுத்த முறை ஊற்றிப் பார்க்கலாம். ஒரே நாளில் பலன் தெரியாது. இரண்டு ஆயில் மாற்றம் வரை பொறுங்கள். கிழிந்த சீலை அது ஒட்டவைக்காது. தள்ளிப்போடவே கூடாத இடங்கள் மூன்று: சூடான எக்ஸாஸ்ட் மேல் விழும் சொட்டு, அது தீப்பிடிக்கும், டைமிங் பெல்ட் மேல் படும் ஆயில், அது பெல்ட்டை ஊறவைத்து அறுத்துவிடும், கிளட்ச் தட்டில் இறங்கும் ஆயில்.

அறிகுறி: கீழே சொட்டு இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது

முதலில் அளந்து பேசுங்கள். மேல் கோடு வரை நிரப்பி, 1,000 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லிலிட்டர் போனது என்று அளவுக் குவளையில் பாருங்கள். 200 அல்லது 300 மில்லி பழைய இன்ஜினுக்குச் சாதாரணம். அரை லிட்டரைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 1 லிட்டர் போகிறது என்றால், கையேடு அதை ஏற்றுக்கொண்டாலும்கூட, ஆயில் எங்கோ எரிகிறது.

சிந்தெடிக் ஆவியாவது பொதுவாகக் குறைவு. அதனால் அதே கிரேடில் மாறினால் செலவு குறைய வேண்டுமே தவிர கூடக்கூடாது. கூடினால் முதல் சந்தேகம் நீர்த்த கிரேடின் மேல். இரண்டாவது மறுபடியும் பி.சி.வி.; திறந்தபடியே மாட்டிக்கொண்டால் அது ஆயிலையே இன்டேக்குக்கு உறிஞ்சும். ஏர் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரம் பளபளக்கும்.

அதற்கு மேல், நீலப் புகை எப்போது வருகிறது என்பதுதான் துப்பு. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மிதித்ததும் பின்னால் நீலமாகப் புகைத்தாலும் அதுவே. இறக்கத்தில் இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடம் வால்வ் தண்டு வழியே ஆயிலை இழுக்கிறது. ஏற்றத்தில், பாரத்தில், மிதிக்க மிதிக்கப் புகை கூடினால் பிஸ்டன் ரிங். டர்போ உள்ள வண்டியில் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயில் கசடு அடைத்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளைப் புகை வேறு கதை, அது கூலன்ட்.

பெட்ரோல் இன்ஜினில் ரிங்கை உறுதிசெய்ய கம்ப்ரஷன் சோதனை: இன்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராகச் சுற்றவிட்டு அளவு குறியுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் 10 மில்லி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. இதில் ஒரு பொறி உண்டு. மேலே உள்ள இரண்டு ரிங்கும் நன்றாக இருந்து, ஆயிலை வழிக்கும் மூன்றாவது ரிங் மட்டும் கரியில் இறுகிப்போயிருந்தால் கம்ப்ரஷன் அருமையாகக் காட்டும், வண்டி ஆயிலும் குடிக்கும். அப்படி இறுகிய ரிங் நல்ல சிந்தெடிக்கில் சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு விடுபடுவது உண்டு. தேய்ந்த ரிங் எதிலும் வளராது.

அறிகுறி: டிக் டிக் சத்தம்

குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய முதல் இரண்டு மூன்று விநாடி மட்டும் கேட்டு அடங்கினால் ஃபில்டரை மாற்றுங்கள். இன்ஜின் நிற்கும்போது ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் மடல் ஒன்று ஃபில்டருக்குள் இருக்கிறது. மலிவான ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துப் பிடிப்பு விட்டுவிடும். சிலிக்கான் மடல் உள்ள ஃபில்டர் நீடிக்கும். ஃபில்டர் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ உட்காரும் இன்ஜின்களில் இந்த மடலை நம்பித்தான் எல்லாம்.

ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள இன்ஜினில், மாற்றிய சில நாளில் ஒரு டேப்பெட் மட்டும் தட்டத் தொடங்கினால், கரைந்த கசடின் துணுக்கு அதன் சின்ன வால்வில் மாட்டியிருக்கலாம். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். இடைவெளி வைத்துச் சரிசெய்யும் சாதா டேப்பெட் என்றால் ஃபீலர் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். அந்த இடைவெளியை எந்த ஆயிலும் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. கெட்டியான 20டபிள்யூ-50 சத்தத்தைப் போர்த்தி வைத்திருந்தது, அவ்வளவே.

குளிரில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கையும் பாருங்கள். சூட்டில் உலோகம் விரிந்து ஓட்டை அடைபடும். இதை டேப்பெட் என்று நினைத்து ஆயிலை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பேக்கிங் அருகே கரிக்கோடு தெரிந்தால் அதுதான்.

சத்தம் மேலிருந்து இல்லாமல் கீழிருந்து, கனமாக, டொக் டொக் என்று, பாரம் ஏறும்போது கூடினால் அது பேரிங். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள்.

அறிகுறி: சூடான பிறகு ஐடிலிங்கில் சிவப்பு ஆயில் விளக்கு

உடனே இன்ஜினை அணையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த ஸ்விட்ச் அழுத்தம் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே விழுந்த பிறகுதான் விளக்கை எரிய விடும். விளக்கு எரிவது முன்னெச்சரிக்கை அல்ல, அழுத்தம் ஏற்கனவே போய்விட்டது என்ற செய்தி.

டிப்ஸ்டிக்கில் அளவு சரி என்றால், ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் முள் காட்டும் கேஜை மாட்டி, இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். 1,000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 0.7 பார் என்பது பட்டறைகளில் புழங்கும் கணக்கு. இறுதிச் சொல் கையேட்டினுடையது. முள் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

அழுத்தம் சரியாகவே இருந்தால் ஸ்விட்ச்சோ வயரோ பழுது. ஐடிலிங்கில் மட்டும் குறைந்து, வேகம் கூட்டியதும் நன்றாக ஏறி நின்றால், கிரேடு நீர்த்துப்போனது அல்லது பேரிங் தேய்ந்தது; முன்பிருந்த கெட்டியான கிரேடின் சிந்தெடிக்கை ஊற்றி மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும். வேகம் கூட்டினால் ஏறி, பிறகு முள் தடுமாறிக் கீழே இறங்கினால், பம்ப்பின் சல்லடை அடைத்திருக்கிறது. கரைந்த கசடு முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும். சம்ப்பை இறக்கி, சல்லடையைக் கழற்றிக் கழுவாமல் அந்த இன்ஜினை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

அந்த நேரத்தில் பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டிப் பாருங்கள். ரம்பம் போட்டால் அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் வெட்டியாலோ தகர வெட்டியாலோ விளிம்பை வெட்டுங்கள். காகித மடிப்புகளை எடுத்து வெள்ளைத் துணியில் விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். விரலில் தேய்த்தால் நசுங்கிப் பொடியாகும் கறுப்பு மணிகள் கசடு. கவலை இல்லை, வெளியே வருவது நல்லதே. காந்தத்தில் ஒட்டும் நுண்தூள் கொஞ்சம் இருக்கலாம். செம்பு நிறத்திலோ ஈய நிறத்திலோ மினுமினுக்கும் செதில்கள் நசுங்காமல் விரலில் உறுத்தினால், அவை பேரிங்கிலிருந்து உரிந்தவை.

அறிகுறி: ஐந்நூறு கிலோமீட்டரிலேயே ஆயில் கறுத்துவிட்டது

கறுக்க வேண்டியதுதான். அழுக்கை உருவித் தனக்குள் மிதக்க வைப்பது அதன் வேலை. டிப்ஸ்டிக்கில் நிறம் பார்த்து ஆயில் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் அழுக்கு ஏறிய ஃபில்டர் அடைத்தால் அதன் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே பேரிங்குக்கு அனுப்பும். அதனால் முதல் சிந்தெடிக்கை ஃபில்டரோடு 1,500 முதல் 2,000 கிலோமீட்டரில் வடித்துவிடுங்கள். அடுத்ததை 3,000 முதல் 4,000இல். அதன் பிறகு கையேட்டில் உள்ள இடைவெளி. சிந்தெடிக்தானே என்று அதை இரட்டிப்பாக்கக் கூடாது. தேய்ந்த ரிங்கைத் தாண்டி இறங்கும் பெட்ரோலும் புகைக்கரியும் ஈரமும் எந்த ஆயிலையும் ஒரே மாதிரிதான் கெடுக்கும்.

சுத்தம் வேகமாக நடக்கட்டும் என்று மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஓட்டுவது பழைய பழக்கம். செய்யாதீர்கள். பேரிங்கின் படலம் போய்விடும். மெல்ல மெல்லக் கரைய வேண்டிய கசடு பாளம் பாளமாகப் பெயர்ந்து சல்லடையை மூடும்.

அறிகுறி: மூடிக்கு அடியில் மஞ்சள் பாலேடு

டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்து, மூடியில் மட்டும் பாலேடு என்றால் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் படியும் ஈரம். அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் காய்ந்துவிடும். டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்தது போல் இருந்து, கூலன்ட் குறைந்துகொண்டும் வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் மாற்றியதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

அறிகுறி: எந்த மாற்றமும் தெரியவில்லை

அதுவே நல்ல பலன். மைலேஜ் கூடும், இழுவை கூடும் என்று எதிர்பார்த்து மாற்றியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அதே கிரேடில் மாறும்போது எரிபொருள் மிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்காது. லாபம் வேறு இடங்களில்: குளிர்ந்த இன்ஜினில் ஆயில் சட்டென்று மேலே ஏறுவது, டர்போவின் சூட்டில் கரியாகாமல் நிற்பது, உள்ளே கசடு சேராமல் இருப்பது.

மாற்றுவதற்கு முன்பே இதைப் படிப்பவர்களுக்கு

ஆயில் மூடியைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழுப்பு நிறப் படலம் பரவாயில்லை, மாற்றலாம். விரலால் வழித்தால் கறுப்புக் களிம்பாக வந்தால், முதலில் சம்ப்பை இறக்கிச் சல்லடையைக் கழுவிவிட்டு, பிறகு சிந்தெடிக் ஊற்றுங்கள். சல்லடை அடைத்து எரியும் சிவப்பு விளக்கை வராமலே தடுக்கும் வேலை இது.

கேம்ஷாஃப்ட்டோடு தட்டையான டேப்பெட் நேரடியாக உரசும் பழைய வடிவமைப்பு என்றால் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மத்தின் அளவையும் பாருங்கள். எரிபொருள் மிச்சச் சான்று பெற்ற இன்றைய 30 கிரேடு ஆயில்களில் பாஸ்பரஸ் 800 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி. எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றியைக் (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) காப்பதற்காக. உரசும் கேம்முக்கு 1,000 முதல் 1,200 வரை இருப்பது நல்லது. 40, 50 கிரேடுகளை அந்த வரம்பு கட்டாது என்பதால் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் எண்ணைப் பார்த்து வாங்கலாம். வினையூக்கி மாற்றி உள்ள வண்டியில் தனியாக விற்கும் துத்தநாகச் சேர்மத்தை ஊற்ற வேண்டாம்.

பின் சீலுக்கு ரப்பருக்குப் பதில் கயிறு வைத்த மிகப் பழைய இன்ஜின்களையும், ஆயில் முழுவதையும் வடிகட்டி அனுப்பும் முழு ஓட்ட ஃபில்டரே இல்லாதவற்றையும் மினரலிலேயே விடுங்கள். கயிறு எப்போதும் கொஞ்சம் கசியும். எளிதில் ஓடும் ஆயில் அதில் இன்னும் அதிகமாகக் கசியும். ஃபில்டர் இல்லாத இன்ஜினில் அழுக்கு சம்ப்பின் அடியில் வண்டலாகப் படிந்து கிடப்பதே அதற்குப் பாதுகாப்பு. சலவைப் பொருள் நிறைந்த ஆயில் அந்த வண்டலைக் கிளப்பினால், பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.